மெரிடாவில் கொச்சினீத்தா: கடைப் பலகையை விடுங்கள், தட்டில் நிற்கும் சாற்றைப் பாருங்கள்

மெக்சிகோவின் யுகடான் மாநிலத் தலைநகரான மெரிடாவில் கொச்சினீத்தா பிபில், அதாவது மசாலாவில் ஊறவைத்து வாழையிலையில் பொதிந்து வேகவைத்த பன்றிக்கறி, காலைச் சாப்பாடு, அதிலும் குறிப்பாக ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. இரவெல்லாம் வெந்த பன்றி இறைச்சி விடியற்காலையில் கடைக்கு வந்து சேரும். சாந்தா ஆனா, சாந்தியாகோ சந்தைகளில் காலையிலேயே கூட்டம் நிற்கும். நடுப்பகலுக்குள் நல்ல துண்டுகள் தீர்ந்துவிடும். மாலையிலும் சில இடங்களில் கிடைக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் காலையில் மிஞ்சி, பலமுறை சூடு காட்டியதாக இருக்கும். ஞாயிறு காலை ஒன்பது மணிக்குள் போய்விடுவது உத்தமம்.

மேசை, நாற்காலி, பலகை எதுவும் தரத்தைச் சொல்லாது. பரிமாறுபவரின் முன்னால் இருக்கும் தட்டை எட்டிப் பாருங்கள். இறைச்சி பாதியளவு சாற்றில் மூழ்கியிருக்க வேண்டும். மேலே செம்மஞ்சள் நிறத்தில் பளபளக்கும் கொழுப்பு, அதன் கீழே கலங்கலான செம்பழுப்புச் சாறு, ஓரங்களில் கருகிச் சுருண்ட வாழையிலை: இவை மூன்றும் இருந்தால் தாராளமாக உட்காரலாம். இறைச்சிக்கு நிறம் தரும் அச்சியோத்தே, அதாவது அனாட்டோ விதையின் சாயம், கொழுப்பில்தான் நன்றாக இறங்கும். மேலே மிதக்கும் கொழுப்பு வெளுத்தும் கீழே தண்ணீர் மட்டும் சிவந்தும் இருந்தால், வேறு நிறப்பொடி சேர்த்திருக்கிறார்களோ என்று சந்தேகப்படுவது நியாயம்தான்.

சாறு ஏன் இவ்வளவு முக்கியம்? தோள்கறியில் இருக்கும் இணைப்புத் திசு, மெதுவாக வேகும்போது கரைந்து சாற்றில் கலக்கிறது. நல்ல கொச்சினீத்தாவைச் சாப்பிட்டால் உதடு லேசாக ஒட்டும். தட்டை மூடாமல் மணிக்கணக்கில் சூட்டில் வைத்தால் சாறு வற்றி, நார் நாராகப் பிரிந்த கறி பஞ்சு போலாகிவிடும். அதைச் சரிக்கட்டத் தண்ணீர் ஊற்றுவார்கள். அப்போது உப்பும் புளிப்பும் நீர்த்துப்போகும், கறி மட்டும் வறண்டே இருக்கும். நெடுநாள் வாடிக்கையாளர்கள் ஒரு கடையைக் கைவிடுவதற்கு முதல் காரணம் இதுதான்.

அடுத்தது வேகும் இடம். முறைப்படி இது மண்குழியில் வேக வேண்டும். குழியில் விறகை எரித்துக் கற்களைச் சூடேற்றி, தழல் அடங்கியதும் வாழையிலையில் பொதிந்த இறைச்சிப் பாத்திரத்தை இறக்கி, மேலே தகடும் இலைதழையும் போட்டு மண்ணால் மூடுவார்கள். மண்ணில் எங்காவது ஆவி கசிந்தால் உடனே அந்த இடத்தை அடைக்க வேண்டும். விட்டுவிட்டால் சூடு இறங்கி, எலும்பை ஒட்டிய பகுதி வேகாமல் நிற்கும். ஸ்பானியர்கள் பன்றியைக் கொண்டுவருவதற்கு முன்பே மாயா மக்கள் மான், வான்கோழி போன்றவற்றை இப்படித்தான் சமைத்தார்கள். நகரத்துக்குள் எல்லோரிடமும் குழி தோண்ட இடமில்லை. அதனால் பல கடைகளில் ஓவன்தான். ஓவன் என்றால் மட்டம் என்று நான் சொல்லமாட்டேன். புகைவாசம் குறையும், ஆனால் மென்மை குறைய வேண்டியதில்லை. வெறும் குக்கரில் வேகவைத்து இலையை அலங்காரமாக விரிப்பதைத்தான் ஏற்க முடியாது.

மசாலா விழுதில் அச்சியோத்தேயுடன் பூண்டு, மிளகு, சர்வசுகந்தி (ஆல்ஸ்பைஸ்), கிராம்பு, சீரகம், ஒரேகானோ சேர்கின்றன. கரைப்பது புளிப்பு ஆரஞ்சுச் சாற்றில். வீட்டில் செய்வதானால் 2 கிலோ தோள்கறிக்கு 100 கிராம் விழுது, 250 மில்லி சாறு, கறியின் எடையில் 1.5 சதவீத உப்பு சரியாக வரும். விழுதில் உப்பு இருந்தால் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள். புளிப்பு ஆரஞ்சு இல்லாவிட்டால் ஆரஞ்சுச் சாறு இரண்டு பங்கு, எலுமிச்சை ஒரு பங்கு. வினிகரை மட்டும் ஊற்றினால் ஊறுகாய் நெடிதான் முன்னால் நிற்கும். ஓர் இரவு ஊறினால் போதும், அதற்கு மேல் போனால் புளிப்பு மேற்பரப்பைக் குழைத்துவிடும். இலையைத் தீயில் வாட்டாமல் மடித்தால் கிழிந்து சாறெல்லாம் வெளியேறும். இறுக்கமாக மூடி 150 டிகிரி செல்சியஸில் மூன்றரை முதல் நான்கு மணி நேரம். கறியின் உட்புறம் 93 டிகிரியைத் தொட்டால் முள்கரண்டியாலேயே பிரியும்.

கடையில் கேட்கும்போது கொழுப்போடும் சாறோடும் தரச் சொல்லுங்கள். வெறும் சதையை மட்டும் கேட்பவர்களுக்கு இந்த உணவின் பாதிதான் கிடைக்கிறது. டாக்கோ என்றால் சோள டொர்ட்டியாவில், அதாவது மெல்லிய சோள ரொட்டியில், வைத்து மடித்தது. டோர்ட்டா என்பது பன் போன்ற ரொட்டிக்குள் வைத்தது. ரொட்டி சாற்றை உறிஞ்சிக்கொள்வதால் அதன் சுவை தனி. ஆனால் கைக்கு வந்ததும் சாப்பிட்டுவிட வேண்டும், பத்து நிமிடம் போனால் அடிப்பக்கம் நைந்துவிடும். இரண்டு டாக்கோ, ஒரு டோர்ட்டா என்று தொடங்கலாம்.

மேலே வைக்கும் சிவப்பு வெங்காயம் புளிப்பு ஆரஞ்சில் ஊறியது. நன்றாக ஊறினால் இளஞ்சிவப்பாகி, மொறுமொறுப்பும் போகாமல் இருக்கும். கொழுப்பின் கனத்தை வெட்டுவது இதுதான், வேண்டாம் என்று ஒதுக்காதீர்கள். ஹபனேரோ மிளகாய்ச் சாஸ் விஷயத்தில் மட்டும் நிதானம் தேவை. யுகடான் தீபகற்பத்து ஹபனேரோவுக்கு 2010-இல் புவிசார் பாதுகாப்பு கிடைத்தது. அதன் காரம், மிளகாயின் உறைப்பை அளக்கும் ஸ்கோவில் அளவில், ஒரு லட்சம் அலகுக்கு மேலே போகும். ஆந்திரக் காரம் பழகிய நாக்கும் முதல் டாக்கோவில் நான்கைந்து சொட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. காரம் சற்றுத் தாமதித்துத்தான் ஏறும், அதற்குள் இன்னொரு கரண்டி விட்டுக்கொள்பவர்களே அதிகம்.

பார்சல் கிலோக்கணக்கில் கிடைக்கும். ஒரு கிலோவில் சுமார் இருபது டாக்கோ போடலாம். சாறு, வெங்காயம், சாஸ் மூன்றையும் தனித்தனியாகக் கட்டச் சொல்லுங்கள். வீட்டில் சாற்றை முதலில் சட்டியில் ஊற்றிச் சூடாக்கி, அதில் கறியைப் போட்டு மூடி, சிறு தீயில் ஆவி பறக்கும்வரை வையுங்கள். ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். ஆறியதும் மேலே உறையும் சிவப்புக் கொழுப்பை வழித்து எறிந்துவிடாதீர்கள், மறுநாள் கருப்பு பீன்ஸ் வதக்க அதைவிட நல்ல எண்ணெய் கிடையாது.