ஸ்லீவ் ஆபரேஷனுக்கு அப்புறம் சோடாக்கடை: எது ஒத்துவந்தது, எது வரவில்லை

எடை குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்களை மனதில் வைத்துத்தான் இந்த விமர்சனம். மற்றவர்களுக்கு இது சாதாரண சோடாக்கடை. மதுரை கீழவாசல் பக்கம், எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து நடக்கிற தூரம், பெயர்ப்பலகைகூடக் கிடையாது. கோலி சோடா, பன்னீர் சோடா, லெமன் சால்ட், நன்னாரி சர்பத், அப்புறம் ஐஸ் பெட்டி நிறைய எல்லாக் கம்பெனிக் கலரும் இருக்கும். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து நான் அங்கே வாடிக்கை.

எனக்குச் செய்தது ஸ்லீவ். இரைப்பையை நீளவாக்கில் வெட்டி முக்கால் பங்கை எடுத்துவிடுவார்கள். மிச்சம் ஒரு ஒல்லியான குழாய். அதில் 100, 150 மில்லிதான் பிடிக்கும். ஆபரேஷன் ஆன புதிதில் கேஸ் அடைத்த எதையும் தொடவே கூடாது. தையல் ஆறவேண்டும், அதில் பேரத்துக்கே இடமில்லை. நான் இங்கே சொல்வதெல்லாம் ஒரு வருஷம் தாண்டி, சர்ஜனிடமும் டயட்டீஷியனிடமும் கேட்டு, அவர்கள் சரி என்ற அளவுக்குள் வாய் வைத்துப் பார்த்தது. உங்கள் டாக்டர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

கோலி சோடாவிலிருந்து தொடங்குகிறேன், நம் ஊர் ஆட்களுக்கு அதுதான் கை வைத்தியம். வயிறு மந்தமா, ஒரு சோடா. பிரியாணி தின்று நெஞ்சை அடைக்கிறதா, ஒரு சோடா. ஏப்பம் வந்ததும் எல்லாம் சரியாகிவிடும். இந்தக் கடைச் சோடாவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாட்டில் சுத்தம், கழுத்தில் இருக்கிற ரப்பர் வளையம் புதுசு, கோலியைத் தள்ளினால் தெருமுனை வரைக்கும் சத்தம் கேட்கும். ஹிராம் காட் என்ற இங்கிலாந்துக்காரர் 1872-ல் காப்புரிமை வாங்கிய பாட்டில் அது. உள்ளே இருக்கிற கேஸின் அழுத்தமே கோலியை மேலே தள்ளி வாயை அடைத்துக்கொள்கிறது. அவர் ஊரில் அது வழக்கொழிந்து எத்தனையோ காலமாகியும் இங்கே இன்னும் ஓடுகிறது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

ஆனால் ஸ்லீவ் செய்த வயிற்றில் அந்த வைத்தியம் பலிக்காது. காரணத்தை என் சர்ஜன் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். இரைப்பையின் மேல்பக்கம் குடைமாதிரி ஒரு பகுதி இருக்கிறது. விழுங்கின காற்று, சோடாவின் கேஸ் எல்லாம் போய்த் தங்குகிற இடம் அதுதான். அங்கே சேர்ந்துதான் ஏப்பமாக மேலே வரும். ஸ்லீவில் வெட்டி எடுப்பதே அந்தப் பகுதியைத்தான். பசியைத் தூண்டுகிற கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் அங்கே சுரப்பதால் அது போவது நமக்கு நல்லது, பசி அடங்குகிறது. கூடவே கேஸ் தங்குகிற இடமும் போய்விடுகிறது. ஒரு 300 மில்லி பாட்டிலில் கரைந்திருக்கிற கேஸை வெளியே விட்டால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வரும். அதில் கொஞ்சம் மூடியைத் திறக்கும்போதே போய்விடுகிறது, மீதி நம்மோடு உள்ளே வருகிறது. ஜில்லென்று இருக்கும்வரை கேஸ் தண்ணீரிலேயே கரைந்து கிடக்கும். உடம்புச் சூடு பட்டதும் பிரிந்து கிளம்பும். அதனால் ஐஸ் சோடா நாக்குக்கு இதமாகத் தெரிந்தாலும், அதன் வேலையை உள்ளே போய்த்தான் காட்டும்.

நான் குடித்தது ஒரே ஒரு வாய். மார்புக்குழிக்குக் கீழே யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி ஒரு வலி வந்து, கால் மணி நேரம் போல நின்றது. ஏப்பம் பாதி வழியில் நின்றுகொண்டு மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. ஆபத்தான வலி இல்லை, ஆனால் இரண்டாவது வாய்க்கு மனசு வராது. சோடா குடித்தால் இரைப்பை திரும்ப விரிந்துவிடும் என்று பலர் பயமுறுத்துவதைக் கேட்டிருப்பீர்கள். அதற்கு வலுவான ஆதாரம் இல்லை என்று சர்ஜனே சொன்னார். ஆனால் ஸ்லீவுக்குப் பிறகு நெஞ்சுக்கரிப்பு பலருக்குக் கூடுகிறது, கேஸ் அதைக் கிளப்பிவிடும், அதற்காகத்தான் தவிர்க்கச் சொல்கிறேன் என்றார். எனக்கு இந்த விளக்கம் போதும். கோலி சோடா, குடிப்பவர்களுக்கு ஐந்துக்கு ஐந்து. எனக்கு வேண்டாம்.

இனி நான் உண்மையிலேயே சொல்ல வந்தது. கேஸைப் பற்றி எல்லோரும் எச்சரிக்கிறார்கள். நான் பயப்படுவது சர்க்கரைக்கு. கேஸ் வலிக்கும், வலித்தால் நாமே கிளாஸைக் கீழே வைத்துவிடுவோம். சர்க்கரைத் தண்ணீர் வலிக்காது. இட்லி ஒன்றரைக்கு மேல் இறங்காத வயிற்றில் கலர் கடகடவென்று இறங்கும். திடமான சாப்பாடு குழாயில் நின்று நிதானமாகப் போகிறது. திரவம் நிற்பதே இல்லை. "கேஸ் போகட்டும்னு வச்சிருந்து குடிச்சேன், ஒண்ணும் பண்ணல" என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. ஒண்ணும் பண்ணாததுதான் எனக்குக் கவலை. கேஸ் போன கலரில் சர்க்கரை அப்படியே இருக்கிறது, வலியைக் காட்டி வேண்டாம் என்று நம்மை எச்சரித்துக்கொண்டிருந்த கேஸ்தான் போய்விட்டது.

கணக்கைப் பாருங்கள். இனிப்புக் கோலா எதை எடுத்தாலும் 100 மில்லிக்குப் பத்து கிராம், பதினொரு கிராம் சர்க்கரை சாதாரணம். 300 மில்லி குடித்தால் 30 கிராமுக்கு மேல். நாள் முழுவதற்குமே 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதுவும் முழு வயிறு இருக்கிறவர்களுக்கு. நமக்கோ ஒரு நாளில் 60 கிராம் புரதம் உள்ளே போகவேண்டும், ஒன்றரை லிட்டர் தண்ணீர் மடக்கு மடக்காக இறங்கவேண்டும், சாப்பாட்டோடு எதையும் குடிக்காமல் அரை மணி நேரம் விடவேண்டும். இத்தனைக்கும் நடுவில் கலருக்கு எங்கே இடம்?

பவண்டோ பிடித்து வளர்ந்தவள் நான். 1916-ல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க் கம்பெனியின் சரக்கு. அந்தத் திராட்சை வாசனையும் கருஞ்சிவப்பு நிறமும் இல்லாமல் எங்கள் வீட்டில் திருவிழா கிடையாது. 2017-ல் ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த கையோடு, பெப்சியும் கோக்கும் விற்கமாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் மார்ச் முதல் தேதியிலிருந்து நிறுத்தினபோது, இந்தக் கடை ஐஸ் பெட்டியில் பவண்டோதான் நின்றது. பிள்ளைகளுக்கு இன்றைக்கும் அதைத்தான் வாங்கித் தருகிறேன். நான் மோந்து பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுவேன். அதில் எனக்கு வருத்தம் இல்லாமல் இல்லை, ஆனால் சர்க்கரை மாத்திரை நின்றுபோன உடம்பு இது, அதைத் திரும்பக் கொடுக்க எனக்கு மனசில்லை.

எடை குறைப்பிலேயே இன்னொரு வகையான இரைப்பை பைபாஸ் செய்தவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். என் சித்தி மகளுக்கு அந்த ஆபரேஷன்தான். ஒரு வளைகாப்பில் யாரோ நீட்டின ரோஸ் மில்க்கை உபசாரத்துக்காகப் பாதி குடித்தாள். இருபது நிமிஷத்துக்குள் முகமெல்லாம் வேர்த்து, படபடப்பு, வயிற்றைச் சுருட்டிக்கொண்டு வலி. பாயை விரித்துப் படுக்க வைத்தோம். சர்க்கரை சிறுகுடலுக்குள் ஒரேயடியாகக் கொட்டுவதால் வருவது இது, டம்பிங் என்பார்கள். சிலருக்கு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை சரேலென்று இறங்கி, கை கால் நடுங்குவதும் உண்டு. ஸ்லீவில் இது குறைவு, ஆனால் வராது என்று இல்லை. விசேஷ வீட்டில் உபசாரத்துக்காகக் குடிக்காதீர்கள். "ஆபரேஷன் பண்ணியிருக்கு, ஆகாது" என்று சொன்னால் நம் மக்கள் வற்புறுத்தமாட்டார்கள்.

டயட் கோலாவையும் பார்த்தேன். சர்க்கரை இல்லை, சரி. கேஸ் இருக்கிறது, காஃபின் இருக்கிறது, நெஞ்சைக் கரிக்கிற அளவுக்கு அமிலமும் இருக்கிறது. கேஸை விட்டுவிட்டுக் குடித்தால் மருந்து கழுவின தண்ணீர் ருசி. நன்னாரி சர்பத்தில் கேஸ் இல்லை என்பதால் பலர் அதற்குத் தாவுகிறார்கள். அந்தப் பாகில் பாதிக்கு மேல் சர்க்கரைதான், ஒரு கரண்டி ஊற்றினாலே 20 கிராம் தாண்டும். பன்னீர் சோடாவில் இரண்டும் சேர்ந்தே இருக்கிறது. வாசனை மட்டும் இன்னும் என்னை இழுக்கிறது.

எனக்கு இந்தக் கடையில் ஒத்துவந்தது லெமன் சால்ட், சோடாவுக்குப் பதில் பானைத் தண்ணீரில். அதை அண்ணாச்சி போடுகிற விதத்தைச் சொல்லவேண்டும். எலுமிச்சையைக் கல்லில் ஒரு உருட்டு உருட்டி, குறுக்கே வெட்டி, விதை விழாமல் விரலிடுக்கில் வடிகட்டிப் பிழிவார். கல் உப்பை நுணுக்கித்தான் போடுவார், தூள் உப்பு கிடையாது. மற்றவர்களுக்கு அதில் சோடாவை ஊற்றும்போது உப்பு பட்டு நுரை கிளாஸ் விளிம்பைத் தாண்டிப் பொங்கும். அந்த நுரை அத்தனையும் வெளியே ஓடுகிற கேஸ்தான். என் கிளாஸில் பொங்கல் இல்லை, ஆனால் உப்பும் புளிப்பும் அதேதான். ஒரு சிட்டிகை சுக்குத்தூளும் கேட்டால் போடுவார்.

"டீச்சர், உங்களுக்குச் சோடா இல்லாமத்தானே?" என்று அவரே கேட்டுவிடுகிறார். ஏன், என்ன என்று நோண்டுவதில்லை. ஆபரேஷன் செய்த விஷயத்தைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்க விரும்பாதவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும். ஸ்ட்ரா வேண்டாம் என்றேன், காற்றும் சேர்ந்து உள்ளே போகும் என்பதால். அதையும் ஞாபகம் வைத்திருக்கிறார். வெயில் காலத்தில் நீர்மோரும் வைக்கிறார். நம் மாதிரி ஆட்களுக்கு அந்தக் கடையிலேயே அதுதான் முதல் சரக்கு, இஞ்சி கொஞ்சம் குறைத்தால் தேவலை.

கடைக்கு ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். ஒன்றைக் குறைத்தது கிளாஸுக்காக. எல்லாமே பெரிய கண்ணாடி கிளாஸ். அதை நான் முடிக்க அரை மணி நேரம் ஆகிறது, அதுவரை பின்னால் நிற்கிறவர்களுக்கு இடைஞ்சல். டீக்கடை சைஸில் பாதி விலைக்கு ஒரு கிளாஸ் வையுங்கள் அண்ணாச்சி என்று சொல்லியிருக்கிறேன். சாயங்காலம் பள்ளிக்கூடம் விடுவதற்கு முன்னால் போனால் கூட்டம் இருக்காது, கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து மெதுவாகக் குடிக்கலாம்.