இடுப்புக்கு ஒற்றை ஸ்க்ரூ: மதுரையில் சம்மதக் கையெழுத்துப் போடுமுன்

பன்னிரண்டு, பதின்மூன்று வயது, கொஞ்சம் பருத்த உடம்பு, வாரக்கணக்கில் முழங்கால் வலி, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வைத்து நொண்டல். பிள்ளைக்கு இதெல்லாம் இருந்தால் முழங்காலை விடுங்கள், இடுப்பைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். தொடை எலும்பின் தலைக்குக் கீழே உள்ள வளர்ச்சித் தட்டு பலமிழந்ததும் தலை இடுப்புக் கிண்ணத்திலேயே நிற்கும். கழுத்து முன்னால் நகர்ந்து வெளியே திரும்பிவிடும். இந்த நழுவலை டாக்டர்கள் எஸ்.சி.எஃப்.இ. என்பார்கள். அதற்குப் போடும் ஸ்க்ரூவையும் கூடவே வாங்க வேண்டியதையும் பற்றியதுதான் இந்த மதிப்பீடு.

எக்ஸ்ரே சீட்டில் நேர்ப்படம் மட்டும் எழுதியிருந்தால் போதாது. ஆரம்ப நழுவல் அதில் தப்பிவிடும். தவளை போலக் காலை மடக்கி விரித்து எடுக்கும் பக்கவாட்டுப் படமும் வேண்டும், அதிலும் இரண்டு இடுப்பும் தெரிய வேண்டும். பிள்ளையால் காலை ஊன்றவே முடியவில்லை என்றால் அப்படி விரிக்கக் கூடாது. படுத்த நிலையிலேயே பக்கவாட்டில் எடுப்பார்கள். நழுவல் உறுதியானால் அந்த நிமிடத்திலிருந்து கால் தரையில் படக்கூடாது. சக்கர நாற்காலி, அங்கேயே அட்மிஷன். இடையில் சுளுக்கு எடுக்கிறேன் என்று யாரும் எண்ணெய் போட்டு நீவ வந்தால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். மெதுவாக நழுவிக்கொண்டிருப்பது ஒரே இழுப்பில் மொத்தமாக விலகிவிடலாம்.

பிள்ளையால் நடக்க முடிகிறதா இல்லையா என்ற வித்தியாசம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அக்குள் கட்டை பிடித்தாவது நடக்க முடிந்தால் நிலையானது, கட்டை பிடித்தும் முடியாவிட்டால் நிலையற்றது. 1993-ல் லோடர் என்ற எலும்பு மருத்துவரின் குழு வெளியிட்ட ஆய்வில் நிலையற்ற இடுப்புகளில் 47 சதவீதத்துக்கு ரத்த ஓட்டம் போய் எலும்புத் தலை செத்தது. நிலையானவற்றில் ஒன்றுக்குக்கூட இல்லை.

இனி ஸ்க்ரூ. 6.5 முதல் 7.3 மில்லிமீட்டர் தடிமன், நடுவில் துளை உள்ளது. சின்னக் கீறல் வழியாக முதலில் கம்பி, அதன்மேல் ஸ்க்ரூ. கழுத்தை வைத்துப் பார்த்தால் தலை பின்பக்கம் சரிந்திருப்பதால் கழுத்தின் முன்பக்கத்திலிருந்து நுழைந்தால்தான் தலையின் மையத்துக்குப் போகும். நழுவியதை இது பழைய இடத்துக்கு இழுக்காது. தேருக்கு முட்டுக்கட்டை போடுவதுபோல, மேற்கொண்டு நகராமல் நிறுத்தும், அவ்வளவே. தலைக்குள் ஏறக்குறைய ஐந்து மரை பிடிக்க வேண்டும், முனை மூட்டிலிருந்து 5 மில்லிமீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். முனை மூட்டுக்குள் நீட்டிக்கொண்டே இருந்தால் குருத்தெலும்பு அரித்து இடுப்பு இறுகும். அதனால் சி-ஆர்மில், அதாவது ஆபரேஷன் நடக்கும்போதே படம் காட்டும் எக்ஸ்ரே கருவியில், இடுப்பைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தபிறகே தையல் போட வேண்டும். எஸ்டிமேட்டில் டைட்டானியம், ஸ்டீல் என்று இரண்டு விலை வந்தால் மயங்க வேண்டாம்: டைட்டானியம் எம்.ஆர்.ஐ.-க்கு வசதி, ஆனால் எலும்பு அதோடு ஒட்டிக்கொள்வதால் பின்னால் கழற்றுவது சிரமம். ஸ்க்ரூவின் விலையைவிட, பிள்ளைகளின் இடுப்பு பார்த்துப் பழகிய கைதான் முக்கியம்.

கேட்க வேண்டிய இன்னொன்று, அடுத்த இடுப்பு. அதுவும் பின்னால் நழுவுவது அபூர்வமில்லை. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளை, தைராய்டு அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ள பிள்ளை என்றால் முன்கூட்டியே அதற்கும் ஸ்க்ரூ போடலாமா என்று கேளுங்கள். மற்றவர்களுக்கு வளர்ச்சித் தட்டு மூடும்வரை சில மாதங்களுக்கு ஒருமுறை படம்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதல்வர் காப்பீட்டு அட்டை கையில் இருக்கட்டும். பனகல் சாலை அரசு ராஜாஜி மருத்துவமனையானாலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆனாலும், முன் அனுமதி கிடைத்துவிட்டதா என்று காப்பீட்டுக் கவுண்டரில் கேட்டுவிட்டே நாள் குறியுங்கள்.

அக்குள் கட்டையை அளவு பார்க்காமல் வாங்காதீர்கள். சுமார் ஆறு வாரம் அதுதான் கால். நேராக நிற்கும்போது கட்டையின் மேல்முனைக்கும் அக்குளுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி, கைப்பிடி மணிக்கட்டு மட்டத்தில், முழங்கை லேசாக மடங்கியபடி. அக்குளில் தொங்கினால் நரம்பு அழுந்திக் கை மரத்துப்போகும். அலுமினியக் கட்டையில் பட்டன் துளை வழியாக முழுசாக வெளியே வந்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். பருத்த பிள்ளைக்கு எடை வரம்பையும் கேளுங்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கட்டையும் ஆபரேஷன் காலும் முதலில்.

வீட்டில் இந்தியன் டாய்லெட் மட்டும்தான் என்றால் நடுவில் துளையுள்ள கமோடு நாற்காலி ஒன்று கட்டாயம். இந்த இடுப்பு நேராக மடங்காது. குந்த வைத்தால் தொடை தானாக வெளியே திரும்பும், வலிக்கும். கட்டையின் அடி ரப்பர் தேய்ந்தால் ஈர டைல்ஸில் வழுக்கும், கடையிலேயே கூடுதலாக ஒரு ஜோடி வாங்கி வையுங்கள்.