தண்டர்பேர்டா, அவுட்லுக்கா: 7 வருட மெயிலை எங்கே வைப்பது?

மலேசியாவின் பினாங்கு லிட்டில் இந்தியாவில் மூன்று கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். கடைக்கு ஒன்று, என் ஜிமெயில் ஒன்று, ஆக நான்கு மெயில் கணக்கு. பிரவுசரில் ஒன்றை மூடி இன்னொன்றைத் திறப்பதிலேயே பாதிக் காலை போய்விடும். அதனால் எல்லாக் கணக்கையும் ஒரே இடத்தில் காட்டும் மெயில் புரோகிராம்களான மைக்ரோசாஃப்டின் புது அவுட்லுக்கையும் தண்டர்பேர்டையும் சில மாதங்கள் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தேன். இப்போது தண்டர்பேர்டில் இருக்கிறேன்.

அவுட்லுக் பார்க்க அழகு, காலண்டர் கச்சிதம். விண்டோஸோடு வந்த பழைய மெயில் புரோகிராமான விண்டோஸ் மெயிலுக்கு 2024 டிசம்பர் 31-உடன் ஆதரவு நின்றதால் பலர் தானாகவே அங்கே போய்ச் சேர்ந்தார்கள். இலவசப் பதிப்பில் மெயில்களுக்கு நடுவே விளம்பரமும் வரும். சப்ளையர் பில் என்று நினைத்து ஒருமுறை அதைத் திறந்துவிட்டேன். ஜிமெயிலைச் சேர்த்தால் அதன் நகல் மைக்ரோசாஃப்ட் சர்வருக்கும் போகிறது. கடைக்காரர்களின் பில்லுக்கு இது சரிவருமா என்று கொஞ்சம் யோசனைதான்.

எனக்கு முடிவைச் சொன்னது இன்னொன்று. வருமான வரிக்காகக் கணக்குப் பதிவுகளை 7 வருடம் வைத்திருக்க வேண்டும். பில் பாதி மெயிலில்தான் வருகிறது. தண்டர்பேர்டில் கணக்கு, ஃபில்டர், டேக், இறக்கிய மெயில் எல்லாமே 'புரொஃபைல்' என்ற ஒரே ஃபோல்டரில் இருக்கின்றன. மாதக் கடைசியில் புரோகிராமை மூடிவிட்டு அதை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுக்கிறேன். மூடாமல் எடுத்தால் நகல் பழுதாகலாம். உள்ளேயே எக்ஸ்போர்ட் வசதி உண்டு, ஆனால் 2 ஜிபிக்கு மேல் அது ஒத்துக்கொள்ளாது, என்னுடையது 11. போன மாதம் மடிக்கணினி செத்தபோது, புதியதில் தண்டர்பேர்டை ஏற்றி, அந்த ஃபோல்டரைக் காட்டினேன். இன்னும் பணம் கட்டாத பில்லுக்கு நான் 1-ஐ அழுத்திப் போட்ட சிவப்பு டேக் உட்பட எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தது.

தொல்லையும் உண்டு. நீக்கிய மெயில் உடனே இடத்தை விடாது, 'கம்பாக்ட்' செய்தால்தான் ஃபைல் சுருங்கும். அப்புறம், நான் தனி ஆள். பத்துப் பேர் ஒரே காலண்டரில் மீட்டிங் போடும் அலுவலகம் என்றால் அவுட்லுக் பக்கம் போகலாம். அங்கே எனக்கு அனுபவம் குறைவு.