‘ஃபுல் ரீஸ்டோரேஷன்’ என்று பில் போட்ட புல்லட்: திறந்து பார்த்ததில் தெரிந்தவை

பழைய காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு சிலிண்டர்) ராயல் என்ஃபீல்டு புல்லட்டை ரீஸ்டோர் பண்ணக் கொடுக்கப்போகிறவர்களும், ‘ரீஸ்டோர் பண்ணின வண்டி’ என்ற விளம்பரத்தைப் பார்த்து அட்வான்ஸ் கொடுக்கக் கை பரபரக்கிறவர்களும் இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுக்கவும். இதில் வரும் பட்டறையின் பேரைப் போடவில்லை. வண்டியின் உரிமையாளர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறார், அதற்கு முன் பேரை எழுதி அவருடைய வழக்கைக் கெடுக்க வேண்டாம். பேரை விட, என்ன செய்தார்கள் என்பதுதான் முக்கியம். இதே வேலையை இன்னும் பல பட்டறைகள் செய்கின்றன.

வண்டி 1966 மாடல் 350. எம்எஸ் என்று தொடங்கும் பழைய மெட்ராஸ் நம்பர், ஒரே குடும்பத்தில் இருந்த வண்டி. இன்ஜின் முதல் பெயின்ட் வரை எல்லாம் சேர்த்து 1,70,000 ரூபாய்க்குப் பேசி, முக்கால்வாசிப் பணத்தை முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள். டெலிவரி ஆகி 400 கிலோமீட்டர்கூட ஓடவில்லை, நீலப் புகையும் அடியிலிருந்து ‘டொக் டொக்’ சத்தமும் வந்துவிட்டன. பட்டறையில் கேட்டதற்கு, “காஸ்ட் அயர்ன்னா அப்படித்தான் சார் இருக்கும், ஓட ஓட செட் ஆகிடும்” என்று பதில். அது செட் ஆகிற சத்தம் இல்லை. வண்டி எங்கள் பெஞ்சுக்கு வந்து இன்ஜினைப் பிரித்தபோது தெரிந்தவற்றைக் கீழே எழுதுகிறோம்.

முதலில் ஒன்று: பெயின்ட் நன்றாகவே இருந்தது. டேங்கில் தங்கக் கோடு கையால் இழுத்தது, ஸ்டிக்கர் இல்லை. ஏமாற்று வேலையின் சூட்சுமமே அங்கேதான். கண்ணுக்குத் தெரியும் இடத்தில் செலவு செய்துவிட்டால், தெரியாத இடத்தை யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள்.

பில்லில் ‘கிராங்க் ஓவராலிங், கனெக்டிங் ராடு கிட், மெயின் பேரிங் செட்’ என்று மூன்று வரி. இதைச் செய்ய கிராங்க்கேஸின் (கிராங்க் சுழலும் அடிக்கூடு) இரண்டு பாதியையும் பிரித்தே ஆக வேண்டும், வேறு வழி கிடையாது. ஆனால் அந்த ஸ்டட் நட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. நட்டின் அடியிலும் கிராங்க்கேஸ் இணையும் கோட்டிலும் பஃபிங் சோப்பு கறுப்பாக இறுகிப்போய்க் கிடந்தது. கேஸைப் பிரிக்காமலேயே, பூட்டியபடி பஃபிங் வீலில் வைத்துப் பளபளக்க வைத்திருக்கிறார்கள். முறையாகச் செய்கிறவர் கேஸைப் பிரித்து, கழுவி, பஃப் பண்ணி, மறுபடியும் கழுவித்தான் பூட்டுவார். பஃபிங் சோப்பு என்பது தேய்ப்புப் பொடி கலந்தது, அதில் ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் பேரிங்குக்கு எமன்.

சிலிண்டரைக் கழற்றினோம். பிஸ்டன் புதுசு, 40 சைஸ். அதாவது ஸ்டாண்டர்டை விட 1 மில்லிமீட்டர் பெரியது. 350-இன் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 70 மில்லி, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மில்லி. இந்த இரும்பு சிலிண்டருக்கும் அலுமினிய பிஸ்டனின் ஸ்கர்ட்டுக்கும் (கீழ்ப்பகுதி) நடுவே 3 முதல் 4 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளி வேண்டும், ஏனென்றால் சூட்டில் அலுமினியம் இரும்பை விட அதிகமாக விரியும். இதில் 2 தௌகூட இல்லை. போர் பண்ணிய லேத் கடையில் பிஸ்டனைக் கொடுத்து அளவெடுக்கச் சொல்லாமல், ‘40-க்கு அடிச்சுக் கொடு’ என்று வாயால் சொன்னால் இப்படித்தான் வரும். சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாகக் கோடுகள், பிஸ்டனின் முன்பக்கமும் பின்பக்கமும் அதே கோடுகள். பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துவிட்டிருக்கிறது. வந்த புகை அதன் விளைவு.

சத்தத்துக்குக் காரணம் கீழே. சிலிண்டர் இல்லாதபோது கனெக்டிங் ராடைக் கையால் பிடித்து நேராக மேலும் கீழும் இழுத்துப் பார்த்தால் ஆட்டமே இருக்கக் கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் நகரலாம், அது தேவையான இடைவெளி. இந்த ராடு மேலும் கீழும் ‘டக்’கென்று ஆடியது. இந்த இன்ஜினில் பிக் எண்டில் (ராடு கிராங்க்கோடு சேரும் கீழ்முனை) ரோலர் கிடையாது, மிதக்கும் புஷ்தான் (தளர்வாகச் சுழலும் உலோக வளையம்). ஆயில் தொடர்ந்து வந்தால் பல்லாண்டு ஓடும். ஆயில் நின்றால் தாங்காது.

ஆயில் ஏன் நின்றது என்று தேடியதில்தான் வயிறு எரிந்தது. டைமிங் கவரின் (இன்ஜினின் வலப்பக்க மூடி) கேஸ்கெட்டுக்கு இருபுறமும் சிலிக்கான் பசையை அள்ளி அப்பியிருந்தார்கள். கவரை இறுக்கும்போது பசை வெளியே பிதுங்கினால் துடைத்துவிடுகிறோம், உள்ளே பிதுங்கினது யார் கண்ணுக்கும் தெரியாது. கிராங்க்குக்கு ஆயில் போகும் துளையில் பாதியை அடைத்தபடி சாம்பல் நிறத்தில் ஒரு உருண்டை உட்கார்ந்திருந்தது. கிராங்க் முனைக்குள் ஆயிலை ஊட்டும் இடத்தில் இருக்க வேண்டிய சின்ன ஆயில் சீலும் காணோம். சில ரூபாய்ப் பொருள். அது இல்லாவிட்டால் பம்ப் தள்ளும் ஆயில் பிக் எண்டுக்குப் போகாமல் டைமிங் பெட்டிக்குள்ளேயே வழிந்துவிடும். இந்த இரண்டில் ஒன்றே போதும், இங்கே இரண்டும் இருந்தன.

இதில் பலரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. பட்டறைக்காரர் ஹெட்டில், வால்வைத் திறக்கும் ராக்கருக்கு ஆயில் கொண்டுபோகும் பைப்பின் போல்ட்டைத் தளர்த்தி, “பாருங்க, ஆயில் எப்படி அடிக்குது” என்று காட்டுவார். புல்லட்டில் இரண்டு ஆயில் பம்ப். ஒன்று ஆயில் டேங்கிலிருந்து எடுத்து பிக் எண்டுக்குத் தள்ளுகிறது. மற்றது கிராங்க்கேஸில் விழுந்த ஆயிலைத் திரும்ப எடுத்து ராக்கருக்கு அனுப்புகிறது. ராக்கரில் ஆயில் வருவது ரிட்டர்ன் பம்ப் வேலை செய்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. பிக் எண்டுக்குப் போகிறதா என்று பார்க்க, இன்ஜின் ஐடிலில் ஓடும்போது டைமிங் கவரில் உள்ள ஃபீட் பிளக்கை (ஆயில் போகும் வழியை மூடும் திருகு) சற்றே தளர்த்த வேண்டும். ஆயில் அங்கே கசிந்து வர வேண்டும். வரவில்லை என்றால் அந்த நிமிடமே இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

அடுத்தது திருட்டு. உரிமையாளர் வண்டியைக் கொடுக்கும்போது அதில் பழைய அமல் கார்புரேட்டரும் ஸ்மித்ஸ் மீட்டரும் பித்தளை பெட்ரோல் டேப்பும் இருந்தன. திரும்பி வந்ததில் மிக்கார்ப் போலி, புது டூப்ளிகேட் மீட்டர், துத்தநாக டேப். ‘பழசு வேலைக்கு ஆகாது, மாத்திட்டோம்’ என்றார்களாம். மாற்றினால் பழையது எங்கே? ஒரிஜினல் பாகங்களுக்குத் தனிச் சந்தை இருக்கிறது. ஓடாத அமல் கார்புரேட்டரைக்கூட வாங்க ஆள் இருக்கிறார்கள், பட்டறைக்காரருக்கு அது நன்றாகத் தெரியும். உரிமையாளர் கையில் இருந்தது வண்டியின் பக்கத்தில் நின்று எடுத்த பழைய குடும்பப் போட்டோ மட்டும். மீட்டரின் முகப்பு அதில் தெரிகிறது என்பது அவருடைய அதிர்ஷ்டம்.

ஆகவே வண்டியைப் பட்டறைக்கு விடுவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கார்புரேட்டர், மீட்டர், ஹெட்லைட் சுவிட்ச், பெட்ரோல் டேப், டூல் பாக்ஸ் மூடி, ஹப், கியர் பாக்ஸ் கவர் எல்லாவற்றையும் எழுத்தும் எண்ணும் தெரியும்படி கிட்டத்தில் படம் எடுங்கள். கண்ணில் படாத ஓரத்தில் சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி வையுங்கள். பட்டியலை இரண்டு பிரதி எழுதி பட்டறைக்காரரின் கையெழுத்தை வாங்குங்கள். ‘மாற்றப்படும் ஒவ்வொரு பழைய பாகமும் உரிமையாளரிடம் திருப்பித் தரப்படும்’ என்ற வரி அதில் இருக்கட்டும். இந்த வரிக்கு முகம் சுளிக்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள். பணத்தை வேலையின் படிகளோடு கட்டுங்கள்: பிரித்துக் காட்டியதும் கொஞ்சம், கிராங்க் பிரஸ்ஸில் ஏற்றி ட்ரூயிங் (ஆட்டமின்றி நேராகச் சுழலும்படி சரிசெய்வது) முடிந்ததும் கொஞ்சம், இன்ஜின் பூட்டுவதற்கு முன் நீங்கள் நேரில் போய்ப் பார்த்த பிறகு கொஞ்சம். போர் அளவையும் பிஸ்டன் அளவையும் மைக்ரோமீட்டரில் எடுத்து எண்ணாக எழுதித் தரச் சொல்லுங்கள். ‘ஓகே’ என்பது அளவு இல்லை.

சேசிஸ் விஷயத்தில் இந்த வண்டியில் நடந்தது பெரிய தலைவலி. ஃபிரேமை சாண்ட்பிளாஸ்ட் பண்ணி, தடிமனாகப் பவுடர் கோட்டிங் அடித்திருந்தார்கள். கழுத்துக் குழாயில் பஞ்ச் செய்த நம்பர் பாதி நிரம்பிப் போய்விட்டது. ஆர்சி புதுப்பிக்கப் போகும்போது ஆர்டிஓ அலுவலகத்தில் அந்த நம்பரைப் பென்சில் தேய்த்து அச்செடுப்பார்கள். எழுத்து விழாவிட்டால் வண்டி நிற்கும். கோட்டிங்குக்கு முன் அந்த இடத்தை டேப் ஒட்டி மறைப்பது இரண்டு நிமிட வேலை. நிரம்பிப்போனால் பெயின்ட் ரிமூவர் போட்டு அந்த இடத்தை மட்டும் மெதுவாகச் சுத்தம் செய்யலாம். கிரைண்டர் பக்கமே போகாதீர்கள், நீங்களாக மறுபடி பஞ்ச் அடிக்கவும் வேண்டாம். அது கிரிமினல் வழக்கில் கொண்டுபோய் விடும்.

இனி, ரெடியாக நிற்கும் வண்டியை வாங்கப் போகிறவர்களுக்கு. இந்த வண்டி மேல் ஆசை வருவது நியாயம்தான். 1955-இலிருந்து திருவொற்றியூரில் தொடங்கி, 2010-க்குப் பக்கம்வரை அடிப்படையில் அதே அமைப்போடு வந்த இன்ஜின். நீண்ட ஸ்ட்ரோக், கனமான ஃப்ளைவீல், நாலாவது கியரில் நாற்பதில் உருளும்போது ஒவ்வொரு அடியையும் தனித்தனியாக எண்ணலாம். வலது காலில் கியர், முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. டீகம்ப்ரஸரை (சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் லீவர்) பிடித்து, அம்மீட்டர் முள் நடுவுக்கு வந்து நிற்கும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, விட்டு ஒரே உதை. பாயிண்ட் (பொறியைத் தூண்டும் காண்டாக்ட்) திறந்தால் முள் நடுவுக்கு வரும், அதைப் பார்த்துத்தான் பிஸ்டன் எங்கே என்று தெரியும். இதற்கு மயங்குகிறவர்கள்தான் விற்பவருக்கு வேண்டியவர்கள்.

நீங்கள் போகும்போது இன்ஜின் சூடாக இருந்தால் சந்தேகப்படுங்கள். கிராங்க்கேஸில் கையை வையுங்கள், சில்லென்று இருக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆவதும் எழும் சத்தமும்தான் உண்மை. வெடிக்கிற மாதிரி சத்தம் போடும் ஷார்ட் பாட்டில் சைலன்சர் மாட்டியிருந்தால், ஒரிஜினல் சைலன்சரை மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். பாதி பேர் அந்தச் சத்தத்துக்காக அதை மாட்டுகிறார்கள், மீதிப் பேர் பிக் எண்ட் சத்தத்தை அமுக்க. அடுத்து டிப்ஸ்டிக்கை எடுத்து ஆயிலை விரலில் தொட்டுப் பாருங்கள். 20டபிள்யூ50 கிரேடு ஆயில்தான் இருக்க வேண்டும். தேன் மாதிரி இழுத்தால் கியர் ஆயிலோ கெட்டிப்படுத்தும் திரவமோ கலந்திருக்கிறது, உள்ளே ஆட்டம் இருப்பதை அது கொஞ்ச நாள் மறைக்கும்.

வாங்கின பிறகு நடக்கும் தப்பு ஒன்று. வண்டி ஒரு வாரம் நின்றால் ஆயில் டேங்கில் உள்ள ஆயில் மெல்லக் கிராங்க்கேஸுக்குள் இறங்கிவிடும், டிப்ஸ்டிக்கில் குறைவாகக் காட்டும். ‘ஆயில் குறைஞ்சா ஊத்திக்கோங்க’ என்று சொல்லிவிடும் விற்பனையாளரின் பேச்சைக் கேட்டு ஊற்றினால், ஸ்டார்ட் ஆனதும் அளவு மிஞ்சிப் புகையும் கசிவும்தான் மிச்சம். மொத்தக் கொள்ளளவே சுமார் 2.25 லிட்டர். முதலில் சில நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, பிறகு பாருங்கள்.

பெட்ரோல் டேங்கின் அடிப்பாகத்தில் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். பிடி தளரும் இடத்தில் புட்டி இருக்கிறது. உள்ளே சீலர் ஊற்றியிருந்தால் எத்தனால் கலந்த இப்போதைய பெட்ரோலைத் தாங்குமா என்று கேளுங்கள். சில சீலர்கள் உரிந்து கார்புரேட்டரை அடைக்கும், பழைய ரப்பரும் கார்க்கும் ஊறிவிடும்.

‘வின்டேஜ் பதிவு பண்ணித் தர்றோம், அப்புறம் எங்க வேணா ஓட்டலாம்’ என்பது இப்போது புதிதாகக் கிளம்பியிருக்கும் பொய். 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி 50 வருடம் தாண்டிய, ஒரிஜினல் நிலையில் உள்ள வண்டிக்கு ‘விஏ’ எழுத்துகளோடு நம்பர் கிடைக்கும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் அந்த வண்டியைக் கண்காட்சி, வின்டேஜ் ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு, தொழில்நுட்ப ஆய்வு போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தினமும் ஆபீஸ் போக வேண்டும் என்றால் வழக்கமான ஆர்சி ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். கையெழுத்தில் எழுதிய பழைய ஆர்சி புத்தகம் மட்டும் இருந்து, அரசின் பரிவாகன் வாகனப் பதிவுத் தளத்தில் நம்பர் வரவில்லை என்றால், அதைக் கணினியில் ஏற்றும் வேலையை விற்பவர் முடித்துக் கொடுத்த பிறகே பணம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் முதலில் நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் பேசுங்கள், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுங்கள். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பட்டறை ‘மறுபடி கொண்டு வாங்க, சரி பண்ணித் தர்றோம்’ என்று கூப்பிட்டால் உடனே வண்டியை விடாதீர்கள். முதலில் வேறொரு மெக்கானிக்கை வைத்துப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து, அளவுகளோடு அவருடைய கையெழுத்தில் அறிக்கை வாங்குங்கள். அந்த ஸ்டட் நட்டில் இறுகிக் கிடந்த பஃபிங் சோப்பைத் துடைப்பதற்கு முன் நாங்கள் எடுத்த படம்தான் இந்த வழக்கில் முதல் ஆவணம்.