ஆன்லைனில் கோர்ட் அபராதம்: கட்டுவது சுலபம், தவணை கேட்க இடமில்லை

குற்றவியல் நீதிமன்றத்தில் அபராத ரசீது எழுதியே தலை நரைத்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு பழைய வண்ணாரப்பேட்டையில் வாசம். தெருவில் யாருக்குச் சலான் வந்தாலும் என் வீட்டுத் திண்ணைக்குத்தான் வரும். காசிமேட்டில் மீன் எடுத்து வண்டியில் விற்கும் பக்கத்து வீட்டுத் தம்பிக்காகத்தான், போக்குவரத்துச் சலான் வழக்குகளை ஆன்லைனிலேயே முடிக்கும் மெய்நிகர் நீதிமன்ற இணையதளத்தில் நுழைந்தேன். ஹெல்மெட் இல்லாததற்கு 1,000 ரூபாய், இன்சூரன்ஸ் இல்லாததற்கு 2,000. 2022 அக்டோபர் வரை ஹெல்மெட்டுக்கு 100 ரூபாய்தானே என்று அவனுக்கு இன்னும் ஆறவில்லை.

தளம் நன்றாகவே வேலை செய்கிறது. வண்டி எண்ணையோ சலான் எண்ணையோ இட்டால் வழக்கு வந்து நிற்கிறது. தொகையைக் காட்டி, கட்டுகிறீர்களா, எதிர்க்கிறீர்களா என்று கேட்கிறது. கட்டியதும் ரசீது. தெருமுனைக் கம்ப்யூட்டர் சென்டரில் இதற்கு 200 ரூபாய் கேட்டார்களாம். போன் வைத்திருக்கும் எவரும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். எஸ்எம்எஸ்ஸிலும் வாட்ஸ்அப்பிலும் போலிச் சலான்கள் உலவுகின்றன. முகவரி gov.in என்று முடியாவிட்டால் தொடாதீர்கள் என்று ஆங்கில எழுத்தைக் காட்டித் தெருவெல்லாம் சொல்லிவருகிறேன்.

எங்கள் காலத்தில் பெட்டி கேஸ் நாளென்றால் தாழ்வாரத்தில் நிற்க இடமிருக்காது. டவாலி அணிந்த கோர்ட் சேவகர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். வந்தவர் குற்றத்தை ஒப்புக்கொள்வார். நான் கார்பன் தாளைச் சொருகி ரசீது எழுதுவேன். மாலையில் கணக்கில் பத்து ரூபாய் உதைத்தால் என் சட்டைப் பையிலிருந்து போகும். இத்தனைக்கும் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 208ஆவது பிரிவில், குற்றத்தை ஒப்புக்கொண்டு தொகையை மணியார்டரில் அனுப்பலாம் என்று வழி வைத்திருந்தது. அப்படி அனுப்பிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை. 2019இல் டெல்லியில் தொடங்கிப் பிற மாநிலங்களுக்கும் வந்த மெய்நிகர் நீதிமன்றம் அந்த மணியார்டர் வேலையைத்தான் செய்கிறது. இப்போது மக்கள் பயன்படுத்துகிறார்கள், அவ்வளவுதான்.

ஆனால் அந்தத் தாழ்வாரத்தில் ஒன்று நடக்கும். "ஐயா, கையில் முழுசாக இல்லை" என்று கூண்டில் நின்று சொன்னால் நீதிபதி நிமிர்ந்து பார்ப்பார். அபராதம் மட்டுமே தண்டனை என்றால் 30 நாள் அவகாசமோ, இரண்டு மூன்று தவணைகளோ தரச் சட்டத்தில் இடமிருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 424, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 464. திரையில் இதைக் கேட்க ஒரு பொத்தானும் இல்லை. எதிர்ப்பதாகச் சொன்னால் வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்குப் போய்விடும். தம்பிக்கு வழக்காடுகிற எண்ணமே இல்லை, தப்பு தன்னுடையது என்கிறான். அவனுக்கு வேண்டியது இரண்டு மாதம்.

கடைசியில் தண்டல்காரரிடம் கடன் வாங்கினான். பிடித்தம் போகக் கையில் வந்ததை வைத்துக் கட்டியாயிற்று. அவர் தினமும் காலையில் சைக்கிளில் வந்து வசூலித்துக்கொண்டு போகிறார்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருகிறேன். 464ஆவது பிரிவுக்கென்று திரையில் ஒரு கட்டம் சேர்த்தால் நான்கரை. மீதி அரை, கார்பன் தாளை இன்னும் விட மனமில்லாத என் பொறாமைக்கு.