ஆக்டிவ் டைரக்டரி அனுமதிகள்: டிஎஸ்ஆக்கிள்ஸா, பவர்ஷெல்லா?

ஆக்டிவ் டைரக்டரியில் (நிறுவனத்தின் பயனர் கணக்குகளையும் கணினிகளையும் நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் அமைப்பு) ஹெல்ப்டெஸ்க் குழுவுக்குப் பயனர்களின் கடவுச்சொல்லை மாற்றவும் பூட்டிய கணக்கைத் திறக்கவும் மட்டும் உரிமை தர வேண்டும். எல்லா அதிகாரமும் உள்ள டொமைன் அட்மின் ஆக்கக் கூடாது. இதைக் கட்டளை வரியில் செய்ய டிஎஸ்ஆக்கிள்ஸ் (dsacls) என்ற விண்டோஸ் கருவி இருக்கிறது. ஸ்கிரிப்ட் எழுத உதவும் பவர்ஷெல்லில், அனுமதிப் பட்டியலைப் படிக்க கெட்-ஏசிஎல், எழுத செட்-ஏசிஎல் இருக்கின்றன. நான் பவர்ஷெல் பக்கம் வந்துவிட்டேன்.

உரிமை கொடுக்க டிஎஸ்ஆக்கிள்ஸ்தான் சுலபம். ஓயு (கணக்குகளை வைக்கும் கோப்புறை போன்ற பிரிவு), குழு, 'ரீசெட் பாஸ்வேர்ட்' மூன்றையும் சொன்னால் ஒரே வரியில் முடிந்தது. பவர்ஷெல்லில் அதே உரிமைக்கு 00299570 என்று தொடங்கும் நீளமான ஜியுஐடி (அடையாள எண்) வேண்டும்; பயனர் வகுப்புக்கு இன்னொன்று. ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் மாறிகளாக எழுதி வைத்தால் அப்புறம் தொல்லையில்லை.

கொடுத்ததைத் திரும்ப எடுக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். பூட்டைத் திறக்கும் உரிமை இருக்கட்டும், கடவுச்சொல் உரிமை மட்டும் போகட்டும் என்றால் டிஎஸ்ஆக்கிள்ஸ் திணறும். அதன் நீக்கும் தெரிவான '/ஆர்', அந்த ஓயுவில் அந்தக் குழுவுக்கு நேரடியாகக் கொடுத்த எல்லாவற்றையும் துடைத்துவிடும். மறுபடி ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும். வேறொரு நிர்வாகி அதே குழுவுக்குத் திரையிலிருந்து ஏதாவது கொடுத்திருந்தால் அதுவும் சத்தமில்லாமல் போய்விடும். பவர்ஷெல்லில் 'ரிமூவ்-ஆக்சஸ்-ரூல்-ஸ்பெசிஃபிக்' அந்த ஒரு விதியை மட்டும் எடுக்கும். அனுமதி என்பது பல வருடம் பராமரிக்க வேண்டிய விஷயம் என்பதால் எனக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

தணிக்கைக்கும் பவர்ஷெல்லே கைகொடுக்கிறது. மேல் பிரிவிலிருந்து தானாக வந்த அனுமதிகளை வடிகட்டி நீக்கி, நேரடியாகக் கொடுத்தவற்றை மட்டும் சிஎஸ்வி கோப்பாக்கி, போன மாதக் கோப்போடு ஒப்பிடலாம். மாற்றும் முன் எஸ்டிடிஎல் சரத்தை (அனுமதிகள் முழுவதையும் ஒரே வரியில் எழுதும் வடிவம்) சேமித்து வைத்தால் பழைய நிலைக்குத் திரும்பவும் வழியுண்டு. ஆனால் சட்டென்று ஒரு ஓயுவைப் பார்க்க இன்றும் டிஎஸ்ஆக்கிள்ஸைத்தான் திறக்கிறேன். உரிமையின் பெயரையே காட்டும், ஜியுஐடியைத் தேடி அலைய வேண்டாம்.

எதில் செய்தாலும் டொமைன் அட்மின் போன்ற பாதுகாக்கப்பட்ட குழுக்களின் உறுப்பினர்கள் மீது கொடுத்தது நிலைக்காது. அந்தக் கணக்குகளுக்கான அனுமதிகளை வைத்திருக்கும் அட்மின்-எஸ்டி-ஹோல்டர் வார்ப்புரு இயல்பாக 60 நிமிடத்துக்கு ஒருமுறை அதை மேலெழுதிவிடும். இதற்கு ஸ்கிரிப்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

பல டொமைன்கள் கொண்ட ஃபாரஸ்ட் என்ற தொகுப்பில் இதை நான் அதிகம் ஓட்டியதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் முதலில் ஒரு சோதனை ஓயுவில் கொடுத்து, எடுத்து, இரண்டையும் சரிபாருங்கள்.