கப்பல் கேபின் டிவியில் நம் ஃபோனை இணைக்க: கேபிளா, ஸ்டிக்கா, பென் டிரைவா?

கப்பல் பயணத்துக்குப் பெட்டி கட்டும்போது பலருக்கும் வரும் கேள்வி இது. கேபின் சுவரில் ஒரு டிவி இருக்கப்போகிறது, நம்மிடம் ஃபோனும் லேப்டாப்பும் இருக்கின்றன, இரண்டையும் எதை வைத்து இணைப்பது? எச்டிஎம்ஐ கேபிள் போதுமா, டிவியில் சொருகி இணையம் வழியாகப் படம் பார்க்கும் ஃபயர் டிவி ஸ்டிக், ரோக்கு மாதிரி ஏதாவது வேண்டுமா, பென் டிரைவில் படங்களைப் போட்டுக்கொண்டு போனால் ஆகாதா? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கேபிள்தான். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். ஆனால் கேபிளும் வேலை செய்யாத கேபின்கள் உண்டு, அதற்குக் காரணம் கேபிள் அல்ல, டிவி.

அந்த டிவி பார்க்க வீட்டு டிவி மாதிரியே இருந்தாலும் பெரும்பாலும் ஹோட்டல்களுக்கென்று தனியாகச் செய்து விற்கப்படும் ரகம். சாம்சங், எல்ஜி, ஃபிலிப்ஸ் எல்லோருமே இந்த ரகத்தைத் தயாரிக்கிறார்கள். இவற்றில் ஹோட்டல் மோடு என்று ஒன்று இருக்கும். அதை இயக்கிவிட்டால் எந்த இன்புட்டில் டிவி திறக்க வேண்டும், ஒலி எவ்வளவு வரை ஏறலாம், யூஎஸ்பி வேலை செய்யலாமா கூடாதா என்று எல்லாவற்றையும் கப்பல்காரர்களே பூட்டி வைத்துவிடலாம். கூடவே தரும் ரிமோட்டிலும் சேனல், ஒலி, மெனு தவிர பெரிதாக ஒன்றும் இருக்காது. இன்புட்டை மாற்றும் சோர்ஸ் பட்டனே இல்லாத ரிமோட்டை வைத்துக்கொண்டு எச்டிஎம்ஐ 2-க்கு எப்படிப் போவது? எதை வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால் யோசிக்க வேண்டியது இதைத்தான், ஏனென்றால் கேபிளானாலும் ஸ்டிக்கானாலும் இரண்டும் அதே எச்டிஎம்ஐ ஓட்டையில்தான் போய்ச் சேர வேண்டும்.

கேபினுக்குள் நுழைந்ததும் மூன்று விஷயங்களைப் பாருங்கள். டிவியின் பின்னாலோ பக்கவாட்டிலோ கை நுழைய இடம் இருக்கிறதா (சில கப்பல்களில் டிவி சுவரோடு ஒட்டியே இருக்கும், விரல்கூடப் போகாது). இரண்டாவது, டிவியின் அடிப்புறத்தில் தடவிப் பார்த்தால் ஒரு சின்ன பட்டன் அகப்படுகிறதா. அதை அழுத்தினால் சில மாடல்களில் சோர்ஸ் மெனு வரும். மூன்றாவது, கப்பலின் நிகழ்ச்சிகள் டிவிக்குள் எந்த வழியாக வருகின்றன என்பது. ஒரு சின்னப் பெட்டியிலிருந்து எச்டிஎம்ஐ வழியாக வந்தால், அந்தக் கேபிளைக் கழற்றி அதே இடத்தில் நம்முடையதை மாட்டினால் இன்புட் மாற்றவே தேவையில்லை. ஆன்டெனா கேபிள் மாதிரி ஒன்றிலோ நெட்வொர்க் கேபிளிலோ வந்தால் இந்த வித்தை பலிக்காது. எச்டிஎம்ஐயில் சிஇசி என்று ஒரு வசதி உண்டு, வெளிக்கருவி விழித்துக்கொண்டதும் டிவி தானாகவே அந்த இன்புட்டுக்குத் தாவும், ஆனால் ஹோட்டல் மோடில் அதையும் அணைத்து வைத்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த டிவி கம்பெனியின் சாதாரண ரிமோட்டோ ஒரு யுனிவர்சல் ரிமோட்டோ கையில் இருந்தால் சில நேரம் பூட்டைத் தாண்டிவிடலாம். எதையும் பிடுங்குவதற்கு முன் கேபின் உதவியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. இதை நாள்தோறும் கேட்டுப் பழகியவர்கள் அவர்கள், சில சமயம் சரியான ரிமோட்டையே கொண்டு வந்து தருவார்கள்.

சரி, ஓட்டையும் கிடைத்துவிட்டது, இன்புட்டும் மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது கேபிளுக்கு ஏன் என் ஓட்டு? அதற்கு வைஃபை வேண்டாம், லாகின் வேண்டாம், கப்பலின் இணையப் பேக்கேஜ் வேண்டாம். நடுக்கடலில் சிக்னல் சுத்தமாகப் போனாலும் ஃபோனில் இருப்பது டிவியில் ஓடும். ஆனால் உங்கள் ஃபோன் படத்தை வெளியே அனுப்பக்கூடியதா என்பதை வீட்டிலேயே பார்த்துவிட வேண்டும். டைப் சி ஓட்டை இருக்கிறது என்பதற்காக எல்லா ஃபோனும் டிவிக்குப் படம் அனுப்பிவிடாது. டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோடு என்ற வசதி உள்ளே இருக்க வேண்டும். சாம்சங்கில் 2017-இல் வந்த எஸ்8 முதல் எஸ் வரிசை ஃபோன்களில் உண்டு, ஏ வரிசையில் பெரும்பாலும் கிடையாது. கூகுள் பிக்சலில் 8-ஆம் மாடல் வரும்வரை இல்லை, அதற்கும் 2024-இல் ஒரு அப்டேட் வந்த பிறகுதான் திறந்துவிட்டார்கள். ஐஃபோன் 15 முதல் டைப் சி வந்துவிட்டதால் பெரும்பாலான மாடல்களுக்குச் சாதாரண டைப் சி எச்டிஎம்ஐ அடாப்டரே போதும். அந்த 15-இல் ஒரு வேடிக்கை: சாதாரண மாடலில் டேட்டா வேகம் பழைய யூஎஸ்பி 2 அளவுதான், ஆனாலும் 4கே படத்தைத் தடையில்லாமல் வெளியே தள்ளும். அதற்கு முந்தைய ஐஃபோன்களில் இருப்பது லைட்னிங் என்ற வேறு ஓட்டை, அவற்றுக்கு லைட்னிங் அடாப்டர் தேவை, அதில் மட்டும் மலிவு விலைப் போலிகளைத் தவிர்த்துவிடுங்கள். காரணம் எச்டிசிபி என்ற, நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு. அதைச் சரியாகக் கையாளாத அடாப்டரில் நாம் எடுத்த வீடியோ நன்றாக ஓடும், கட்டணச் செயலிகளைத் திறந்தால் மட்டும் திரை கறுத்துப்போகும்.

டவுன்லோடு விஷயத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. விண்டோஸ் லேப்டாப்பில் நெட்ஃபிளிக்ஸ் படங்களை இறக்கி வைத்துக்கொள்ளும் வசதி 2024-இல் வந்த புதிய செயலியோடு போய்விட்டது, மேக்கில் அது என்றுமே இருந்ததில்லை. ஆகவே அதற்கு ஃபோனோ டேப்லெட்டோதான் வேண்டும். இறக்கியவற்றுக்குக் காலக்கெடு உண்டு, சில தலைப்புகள் பார்க்கத் தொடங்கிய 48 மணி நேரத்தில் காலாவதியாகும், புதுப்பிக்க இணையம் கேட்கும். பாதிப் படத்தில் தூங்கிவிட்டு மூன்று நாள் கழித்துத் தொடரலாம் என்று நினைப்பவர்களுக்குக் கடலில் ஏமாற்றம்தான். ஏறுவதற்கு முன் ஃபோனை ஏரோபிளேன் மோடில் போட்டு, அடாப்டரையும் கேபிளையும் வீட்டு டிவியில் மாட்டி, இறக்கிய படம் உண்மையிலேயே ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். கேபிள் நீளம் 2 மீட்டருக்குக் குறையக் கூடாது, 3 மீட்டர் இருந்தால் கட்டிலில் படுத்தபடியே ஃபோனைக் கையாளலாம். ஒரு எல் வடிவ எச்டிஎம்ஐ அடாப்டரும் வைத்துக்கொள்ளுங்கள், சுவருக்கும் டிவிக்கும் இடையே இடுக்கு குறைவாக இருக்கும்போது நேரான கேபிள் தலை உள்ளே போகாது.

இனி ஸ்டிக்குகள். வீட்டில் இவை அவ்வளவு சுகமாக இருப்பதால்தான் கப்பலிலும் அப்படியே இருக்கும் என்று தோன்றுகிறது. கப்பல் வைஃபையில் பாஸ்வேர்டு அடித்து நேராக இணைய முடியாது, பிரௌசரில் ஒரு லாகின் பக்கம் திறந்து அறை எண்ணோ கணக்கோ கொடுக்க வேண்டும். கூகுளின் ஸ்டிக்கான பழைய குரோம்காஸ்ட் இங்கேயே விழுந்துவிடுகிறது, அதற்கு ரிமோட்டும் இல்லை, பிரௌசரும் இல்லை. ஃபயர் டிவி ஸ்டிக் அந்தப் பக்கத்தைத் தானே திறந்து காட்டும். ரோக்குவில் இதற்கென்றே ஹோட்டல் அண்ட் டார்ம் கனெக்ட் என்ற வசதி இருக்கிறது, ஃபோன் வழியாக லாகின் செய்துகொள்ளலாம். ஆப்பிள் டிவி பெட்டிக்கு, 2022-இல் வந்த அதன் மென்பொருள் டிவிஓஎஸ் 15.4-க்குப் பிறகு, பக்கத்தில் இருக்கும் ஐஃபோன் வழியாக இது சாத்தியம்.

லாகின் தாண்டினாலும் அடுத்த சிக்கல், ஒரே வைஃபையில் இருக்கும் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி கப்பல் நெட்வொர்க்கில் பிரித்து வைத்திருப்பார்கள். பாதுகாப்புக்காகச் செய்வது, நியாயமானதுதான், பக்கத்துக் கேபின்காரர் நம் டிவியில் பாட்டுப் போடாமல் இருக்க வேண்டுமே. ஆனால் ஃபோனிலிருந்து காஸ்ட் செய்வது, அதாவது ஃபோனில் தேர்ந்தெடுத்ததை வைஃபை வழியாக டிவியில் ஓடவைப்பது, அதோடு செத்துவிடும். போதாததற்கு, ஃபோனிலிருந்து காஸ்ட் செய்வதை நெட்ஃபிளிக்ஸே 2025 இறுதியில் பெரும்பாலான டிவிகளுக்கும் ஸ்டிக்குகளுக்கும் நிறுத்திவிட்டது. எனவே ரிமோட் வைத்து ஸ்டிக்கிலேயே நேரடியாகப் பார்க்கும் ரகம் மட்டும்தான் கணக்கில் வரும். அதற்கும் இணையப் பேக்கேஜ் வேண்டும். பேக்கேஜ்கள் பெரும்பாலும் கருவிக்கு ஒன்று என்று விற்கப்படுகின்றன, ஸ்டிக்கை இணைத்தால் ஃபோனின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். மலிவுப் பேக்கேஜில் வீடியோ ஓடாது என்றும் இருக்கலாம், வாங்கும் முன் அந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்.

வேகத்தைப் பொறுத்தவரை நிலைமை முன்பைவிட எவ்வளவோ தேவலாம். முன்னெல்லாம் கப்பல் இணையம் பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள்களை நம்பியிருந்தது. இப்போது வந்திருக்கும் ஸ்டார்லிங்க் இணையச் சேவையின் செயற்கைக்கோள்கள் சில நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றுகின்றன, தூரம் குறைவதால் தாமதமும் குறைகிறது. ராயல் கரீபியன் 2022-இல் இதற்கு மாறத் தொடங்கியது, மற்ற பெரிய நிறுவனங்களும் பின்னால் வந்தன. ஆக இன்றைக்கு ஸ்ட்ரீமிங் முடியாத காரியம் இல்லை. ஆனால் எல்லோரும் கேபினுக்குத் திரும்பும் இரவு நேரத்தில் அதே குழாயில்தான் ஆயிரக்கணக்கானவர்கள் தண்ணீர் பிடிக்கிறார்கள்.

இன்னொன்று, ஸ்டிக்குக்கு மின்சாரம். டிவியின் யூஎஸ்பி ஓட்டையில் மாட்டினால் பழைய டிவிகளில் 0.5 ஆம்பியர்தான் கிடைக்கும், அது போதாமல் ஸ்டிக் அணைந்து அணைந்து எரியும். சுவர் பிளக்கில்தான் போட வேண்டும், கேபினில் பிளக் பாயின்டுகளுக்கு எப்போதும் பஞ்சம். உடனே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எடுத்துப் போகலாம் என்று தோன்றும், வேண்டாம். சர்ஜ் புரொடெக்டர் (திடீர் மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் பாகம்) உள்ள பாக்ஸ்களைக் கப்பல்கள் பறிமுதல் செய்கின்றன, வீம்புக்காக அல்ல. வீட்டு வயரிங்கில் ஒரு கம்பியில்தான் மின்னழுத்தம், நியூட்ரல் பூமியோடு கட்டப்பட்டிருக்கும். கப்பலில் இரண்டு கம்பிகளிலுமே மின்னழுத்தம் இருக்கும். ஒரு கம்பியை மட்டும் துண்டிக்கும் சாதாரண சர்ஜ் புரொடெக்டர் அங்கே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2013-இலேயே எச்சரித்திருக்கிறது.

இந்த லாகின் தொல்லைக்கெல்லாம் மருந்து ஒரு சின்ன டிராவல் ரௌட்டர் (கப்பல் வைஃபையை வாங்கி நமக்கென்று தனி வைஃபை தரும் பெட்டி) என்று பலர் சொல்வார்கள். தொழில்நுட்பமாகப் பார்த்தால் உண்மை, ரௌட்டர் ஒரு முறை லாகின் செய்தால் அதற்குப் பின்னால் எல்லாக் கருவிகளும் வீட்டில் போலவே பேசிக்கொள்ளும். ஆனால் ரௌட்டரைத் தடைப் பட்டியலில் வைத்திருக்கும் கப்பல்கள் உண்டு, பெட்டி ஸ்கேன் ஆகும்போதே எடுத்து வைத்துக்கொள்வார்கள். போகும் கப்பலின் பட்டியலைப் பார்க்காமல் அதில் பணம் போடாதீர்கள். ஃபோனையே ஹாட்ஸ்பாட் ஆக்கலாமா? சில சாம்சங், பிக்சல் ஃபோன்கள் வாங்கிய வைஃபையை மறுபடி பகிரும், ஐஃபோன் பகிராது. அப்படிச் செய்யும்போது மொபைல் டேட்டா கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். கப்பலுக்குள் தனியாக ஒரு செல் நெட்வொர்க் இருக்கும், வழக்கமான ரோமிங் பேக் அதில் பெரும்பாலும் செல்லாது, ஃபோன் சத்தமில்லாமல் அதில் தொற்றிக்கொண்டால் பில் தலைசுற்றும்.

இணையமே இல்லாமல் காற்று வழியாக அனுப்ப வழி இல்லையா? இரண்டு உண்டு. மிராகாஸ்ட் 2012-இல் வந்தது, ஃபோனும் டிவியில் சொருகிய டாங்கிள் என்ற சின்னக் கருவியும் நேராகப் பேசிக்கொள்ளும், நடுவில் வைஃபை வேண்டாம். சாம்சங் ஃபோனில் ஸ்மார்ட் வியூ என்று இருப்பது இதுதான், விண்டோஸ் லேப்டாப்பிலும் உண்டு. ஐஃபோனுக்கும் பிக்சலுக்கும் கிடையாது. ஆப்பிள் டிவி பெட்டி இருந்தால், ஐஃபோன் படத்தை டிவிக்கு அனுப்பும் ஆப்பிளின் ஏர்ப்ளே இதே மாதிரி நேரடியாக வேலை செய்யும், நம் ஃபோட்டோ, நாம் எடுத்த வீடியோவுக்கெல்லாம் அருமை. கட்டணச் செயலிகளோ, மலிவு டாங்கிளில் மறுபடி அதே கறுப்புத் திரைதான், ஏர்ப்ளேயை நெட்ஃபிளிக்ஸ் 2019-இலேயே கைவிட்டுவிட்டது. கேபிள் போடும் வசதி இருக்கும்போது இதற்கு மெனக்கெட எனக்குக் காரணம் தெரியவில்லை.

பென் டிரைவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கப்பல் டிவியில் யூஎஸ்பி படம் ஓட்டுவதை அணைத்திருந்தால் அவ்வளவுதான். திறந்திருந்தாலும், பென் டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்திருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு ஏறாது, எக்ஸ்ஃபேட் முறையில் செய்திருந்தால் பழைய டிவி படிக்காமல் போகலாம். சட்டைப் பையில் ஒரு ஓரமாகக் கிடக்கட்டும், அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

டிவியிலேயே கியூஆர் குறியைக் காட்டி ஃபோனை இணைக்கச் சொல்லும் முறையும் ஹோட்டல்களில் பரவுகிறது. ஆப்பிள் 2024 ஜனவரியில் ஐஓஎஸ் 17.3 வழியாக ஹோட்டல் டிவிகளுக்கு ஏர்ப்ளே கொடுத்தது இப்படித்தான். உங்கள் கேபின் டிவி மெனுவில் அப்படி ஒன்று இருந்தால் கேபிளைப் பெட்டியிலிருந்து எடுக்கவே வேண்டாம்.

எதுவுமே நடக்காத கேபினுக்கு டேப்லெட்தான். கேபின் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு, காந்தம் பிடிக்கும், ஆகவே காந்தத் தாங்கி ஒன்று கொண்டுபோனால் கட்டிலுக்கு நேராக மாட்டிக்கொள்ளலாம். ஒருவர் பார்க்க இது டிவியைவிட வசதி என்றுகூடச் சொல்வேன். குழந்தைகளோடு போகிறவர்கள், கேம் கன்சோல் எடுத்துப் போகிறவர்கள் மட்டும் டிவிக்காகப் போராடலாம்.

கப்பலின் கேபிளைக் கழற்றியிருந்தால், எது எங்கே இருந்தது என்று கழற்றும் முன்பே ஒரு ஃபோட்டோ எடுத்து வைத்து, இறங்கும் முன் அப்படியே திரும்ப மாட்டிவிடுங்கள். ஸ்டிக்கை டிவியின் பின்னால் மறந்துவிட்டு இறங்குவது சுலபம், அதில் உங்கள் எல்லாக் கணக்குகளும் லாகின் ஆகியே இருக்கும். மறந்துவிட்டால் கரைக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தச் செயலிகளில் எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு என்பதை அழுத்திவிடுங்கள்.